நூற்றுப் பதினெட்டு இலை

மகளின் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை ஒன்பதே முக்காலுக்குச் சமையல்காரரிடம் போனில் மூன்று எண்கள் சொன்னேன். டிபனுக்கு அறுபது இலை, முகூர்த்தச் சாப்பாட்டுக்கு இருநூற்று நாற்பத்தாறு, ரிசப்ஷனுக்கு முந்நூற்று முப்பத்து நான்கு. பத்தரைக்கு அவர் திருவான்மியூரிலிருந்து மார்க்கெட் கிளம்புவார். கிளம்பிவிட்டால் பிடிக்க முடியாது.

எண்கள் எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட்டின் கம்ப்யூட்டரிலிருந்து வந்தவை. எங்கள் பக்கத்துக்கு ஒரு ஃபைல், பிள்ளை வீட்டாருக்கு ஒன்று. இரண்டிலும் முதல் மூன்று வரிசைகளில் மூன்று வேளைக்கான தலைக்கணக்கு. அவற்றை எடுத்துக் கூட்டுவது 'மொத்தம்' என்ற மூன்றாவது ஃபைல். எல்லாம் மகள் அமைத்துக் கொடுத்தது.

பத்து மணிக்கு அவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, காலம்பற நம்மாத்து மனுஷா ஒருத்தரும் சாப்பிடப் போறதில்லையா?"

எங்கள் பக்கத்து டிபனுக்கு நேரே பூஜ்யம்! மூன்று முறை கூட்டிப் பார்த்த நான், கூட்டிய எண்களைப் பார்க்கவில்லை. அவளுக்கோ இரண்டு கையிலும் மருதாணி. கீபோர்டைத் தொட முடியாது.

"பதறாதேங்கோ. பூஜ்யத்து மேல கிளிக் பண்ணுங்கோ. ஃபார்முலா எங்கேர்ந்து எடுக்கறது?"

"நம்ம ஃபைல், முதல் வரிசை."

"சரியாத்தானே இருக்கு! அந்த ஃபைலைத் திறங்கோ."

திறந்தேன். முதல் வரிசையில் தனியாக ஒரு 'உ'.

"இதை யார் போட்டா?"

"நான்தான், நேத்திக்கு. கல்யாண லிஸ்ட்டுல பிள்ளையார் சுழி வேண்டாமா? மேலே இடமில்லை, ஒரு வரிசை சேர்த்தேன்."

அவள் சிரித்த சிரிப்பில் மருதாணி கன்னத்தில் ஒட்டியது. "அதான்! எல்லாம் ஒரு படி கீழே இறங்கிடுத்து. மொத்தம் அப்போ மூடி இருந்தது, அதுக்குத் தெரியாது. நம்மாத்து டிபனை முகூர்த்தத்துல சேர்த்துண்டிருக்கு, முகூர்த்தத்தை ரிசப்ஷன்ல!"

பத்து பதினெட்டு. வரிசையை நீக்கச் சொன்னாள். பிள்ளையாரை நீக்குவதா? எனக்குக் கை வரவில்லை.

"சரி, 'மொத்தம்' ஃபைலை மூடிட்டு, முதல்ல அவரை அடுத்த வரிசையில வலது பக்கம் காலிக் கட்டத்துல உக்கார வையுங்கோ. அப்பறம் அந்த வரிசையை எடுங்கோ."

அப்படியே செய்து, சேமித்து, 'மொத்தம்' ஃபைலைத் திறந்தேன். புதுக் கணக்கை எடுத்துக்கொள்ளலாமா என்று அது கேட்டது. எஸ்! நூற்று ஐம்பத்தாறு, முந்நூற்று அறுபத்து நான்கு, முந்நூறு. முகூர்த்தத்துக்கு மட்டும் நூற்றுப் பதினெட்டு இலை குறைத்துச் சொல்லியிருக்கிறேன்!

போன் எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. மூன்றாவது தடவை கிடைத்தார்.

"செருப்பு மாட்டிண்டாச்சுண்ணா."

மூன்று எண்களையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

"மத்தியானத்துக்கு நூறுக்கு மேல கூடறதே! யாரண்ணா திடீர்னு?"

"யாரும் புதுசு இல்லை. எல்லாம் இருந்தவாதான்."

மறுநாள் மத்தியானம் ஒவ்வொரு பந்தியிலும் நின்று எண்ணினேன். முந்நூற்று அறுபத்தொரு இலை விழுந்தது. மிச்சம் மூன்று. அதில் ஒன்றில்தான் நான் சாப்பிட்டேன்.