எழிலரசிக்குக் கிடைத்த வாக்கு

டிகாக்‌ஷன் பாத்திரத்தின் மூடியை ஒரு விரல் அளவு திறந்து, கண்ணை மூடிக்கொண்டு மூக்கை நீட்டுகிறார் எழிலரசி. "இன்னும் ஒரு நிமிஷம்" என்று மூடிவிடுகிறார். ரமணாசிரமம் பக்கம், செங்கம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் உள்ள விடுதியின் சமையலறை அது. மாடியில் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் தியானத்தைத் தவறவிட்டாலும் அவருடைய காபியைத் தவறவிடுவதில்லை. எழிலரசி அதில் ஒரு சொட்டுகூட ருசி பார்த்தது கிடையாது.

"எங்க சபையில காபி, டீ ரெண்டும் கூடாதுங்க. குடிக்கத்தானே கூடாது? மோந்து பாக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல."

அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வயது நாற்பத்தெட்டு. பதினைந்து வருடங்களுக்கு முன் பெங்களூர் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் தைத்துக்கொண்டிருந்தபோது, வெள்ளைச் சட்டையும் டையுமாக இரண்டு இளைஞர்கள் பேச வந்தார்கள். "மீசைகூட ஒழுங்கா மொளைக்கல. பேட்ஜுல மூப்பர்னு போட்டிருந்திச்சு. சிரிச்சிட்டேன். சிரிச்ச பாவத்துக்கு ஒக்காந்து கேட்டேன்." அப்படித்தான் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில், பலரும் சொல்வதுபோல மார்மன் சபையில், சேர்ந்தார். ஊர் திரும்பிய பிறகு அவருடைய ஞாயிற்றுக்கிழமை சபை செல்போனில் கூடுகிறது. குக்கர் விசில் வரும் முன் மைக்கை அணைக்க வேண்டும் என்பதை ஒரு தடவை மறந்து கற்றுக்கொண்டார்.

கணவர் மூர்த்தி வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் உதவியாளர். நெற்றி நிறைய விபூதி. பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுபவர். குடும்பம் சாவோடு முடிவதில்லை, அங்கேயும் தொடரும் என்று மனைவி ஒருநாள் சபையின் நம்பிக்கையை விளக்கியபோது அவர் கவலையோடு கேட்டாராம்: "உங்கம்மாவும் வருவாங்களா?"

"வருவாங்க."

"அப்ப நான் மலையவே சுத்திக்கினு இருக்கேன்."

எழிலரசியிடம் ஒரு காகிதம் இருக்கிறது. ஒன்பது வருடங்களுக்கு முன் சபைப் பெரியவர் ஒருவர் அவர் தலையில் கைவைத்துச் சொன்ன ஆசி. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். எழிலரசிக்கு ஆங்கிலம் வராது. சென்னையில் உள்ள சபைப் பெண் ஒருவர் போனில் தமிழில் சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்துகொண்டார். அதே விடுதியில் கணக்கு எழுதும் நான் அதைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். "அது எனக்கு வந்த லெட்டருங்க. வேணும்னா நீங்களும் தலைய குடுத்து வாங்கிக்குங்க" என்றார். பல நாள் கெஞ்சிய பின், கடவுளே பேசுவதுபோல் இருந்த ஒரே ஒரு வரியைச் சொன்னார்: கடினமான வழியில் நீ நடக்கும்போது உன்னை விட்டு விலகமாட்டேன்; உண்மையாயிருந்தால் என் வீட்டில் உனக்கு இடமுண்டு.

அந்த வரிக்கு வேலை வந்தது போன வருட ஆடி மாதத்தில். இடது மார்பில் ஒரு கட்டி. சோதித்தார்கள், புற்றுநோய். மூர்த்தி மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் எழிலரசி தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். "இன்னாங்க, வியாதி எனக்கு, பட்டினி உங்களுக்கா? ரெண்டு பேரும் படுத்துட்டா ஆட்டோவ யாரு கூப்புடறது?"

வேலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனை. பயமாக இருக்கிறதா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். "போற எடம் உறுதியாயிடிச்சு டாக்டர். தேதிய மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

உண்மையிலேயே பயமில்லையா என்று நான் கேட்டேன். "யாரு சொன்னது? பயம் ஜாஸ்தியாத்தான் இருந்திச்சு. அது ஒரு பக்கம் ஒக்காந்துக்கினு இருந்திச்சு. நான் ஒரு பக்கம் என் வேலைய பாத்துக்கினு இருந்தேன்."

கட்டியைச் சுருக்க முதலில் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, எழிலரசி அசரவில்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு வாசனை தெரியாமல் போனது. அன்றுதான் அழுதார். பிறகு கடவுளோடு சண்டை பிடித்தார். "எடம் குடுக்கறேன்னீங்க, சரி. அதுவரைக்கும் பொழைக்க மூக்கு வேணாமான்னு கேட்டேன்." சண்டையின் முடிவில் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாராம். அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் கழித்து, பௌர்ணமியன்று மலை சுற்றிவிட்டு வீட்டுக்குள் வந்த மூர்த்தியின் வியர்வைதான் திரும்பிவந்த முதல் வாசனை. "அவ்ளோ நாத்தம். அவ்ளோ சந்தோஷம்."

சென்ற மாதம் பரிசோதனை முடிவு வாங்க இருவரும் போனபோது நானும் உடன் போயிருந்தேன். நோயின் தடயம் எதுவும் இல்லை, இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் எழிலரசி தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டார். நன்றி சொல்ல வேண்டுமாம். அவர்கள் சபையில் ஜெபிக்கும்போது கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்வது வழக்கம். அறுவைக்குப் பிறகு அவருடைய இடது கை வீங்கியிருக்கிறது, மடக்க முடியவில்லை. இரண்டு தடவை முயன்று, பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார்.

மூர்த்தி இருபுறமும் ஒருமுறை பார்த்தார். "நீ சொல்லு எழிலு. கைய நான் கட்டிக்கறேன்."

எழிலரசி கண்ணை மூடி முணுமுணுக்கத் தொடங்கினார். மூர்த்தி தன் இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே இறுகக் கட்டி, விபூதி நெற்றியைத் தாழ்த்தி நின்றார். எப்போது முடியும் என்று தெரியாததால், ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து மனைவியின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.