நான்கு வட்டுகளுக்கு வைத்த பொட்டு

கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்து ஒரு கம்பெனியையே கவிழ்க்கப் பார்த்தவள் நான். இப்போது கைபேசியும் கையுமாக இருக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது.

ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் கம்பெனி. ஆட்கள் மூன்றே பேர். புரோகிராம் எழுதும் அக்கா யாழ்ப்பாண வழி வந்த கிறிஸ்தவர். அரசாங்க வேலையில் ஓராண்டு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். வாடிக்கையாளர்களைத் தேடிப் பிடிக்கும் கூட்டாளி சீனர். டைப்படிக்கவும் போன் எடுக்கவும் நான். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் பெட்டியை விற்கத்தான் ஆளிருந்தது. புரோகிராமை மட்டும் தனியாக விற்கிறோம் என்றால், "காத்தையா விக்கப் போறீங்க?" என்று கேட்டார்கள்.

சாங்கி விமான நிலையத்தில் இருக்கும் சரக்கு அலுவலகங்களுக்காக அக்கா ஒரு புரோகிராம் எழுதினார். அனுப்புகிறவர் பெயரை ஒருமுறை தட்டினால் போதும், எட்டுப் படிவங்களிலும் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் முன்பு இருந்த வேலையில் அதே பெயரை எட்டுத் தடவை டைப்படித்து விரல் வீங்கியவள். முதன்முதலில் அதைத் திரையில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. திரையை விட்டு நகராமல் நின்றேன்.

"என்னம்மா, படமா ஓடுது?" என்று அக்கா கேலி செய்தார்.

அந்த ஓராண்டு உழைப்பு முழுவதும் ஒரே ஒரு ஃபிளாப்பியில் அடங்கியது. கறுப்புச் சதுர உறை, உள்ளே பழுப்பாக மெல்லிய வட்டு. மூலம் ஒன்று, நகல் மூன்று, ஆக நான்கு வைத்திருந்தோம். விஜயதசமியன்று பிற்பகல் சாங்கிக்குப் போய் ஓட்டிக்காட்ட வேண்டும். அவர்கள் வாங்கினால் கம்பெனி பிழைக்கும். இல்லாவிட்டால் அக்கா அடுத்த வாரமே பழைய மேசைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. நான்தான் ஏற்பாடு செய்தேன். கூட்டாளி ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழங்களோடு வந்துவிட்டார். சாமி விஷயத்தில் எங்களைவிட அவருக்குத்தான் பயம் அதிகம். "எல்லாத்துக்கும் வை லா, ஒண்ணும் விடாதே!" என்று தம் அரைகுறைத் தமிழில் விரட்டினார். திரைக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன், பிரிண்டருக்கு வைத்தேன். பிறகு நான்கு ஃபிளாப்பிகளையும் வரிசையாக அடுக்கினேன். உறையின் நடுவில் ஒரு திறப்பு, அதில் வட்டு கொஞ்சம் எட்டிப்பார்க்கும். அதுதான் முகம் என்று எனக்குப் பட்டது. மூலத்துக்கும் நகலுக்கும் ஓரவஞ்சனை இல்லாமல், நான்கின் முகத்திலும் குழைத்த சந்தனம், மேலே குங்குமம். அக்கா கதவருகே மரியாதையாகக் கைகட்டி நின்றாரே தவிர, கிட்டே வந்து பார்க்கவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்று நானே அதிகாரமாகச் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

காலையில் அக்கா முதல் ஃபிளாப்பியைச் செருகினார். பெட்டி கரகரவென்று கத்தியது. திரையில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைச் செருகாமல் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். காய்ந்த சந்தனம் தூளாக உதிர்ந்தது.

"இது நீ வச்சதா?"

"ஆமாக்கா. முகம்னு நெனச்சேன்."

அவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் உதிர்ந்திருந்த தூளை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு சட்டென்று எழுந்தார். "கீழ மோட்டார் கடையில பேட்டரி தண்ணி விப்பாங்க, சுத்தமான தண்ணி. ஓடு!"

நான் வாங்கி வருவதற்குள், பெட்டியில் சுழன்று கீறிப்போன முதல் இரண்டையும் ஒதுக்கி, உள்ளே ஒட்டியிருந்த சந்தனத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டு, மூன்றாவது உறையின் ஓரத்தைப் பிளேடால் வெட்டி வட்டை வெளியே எடுத்திருந்தார். கழுவும்போது அவர் விரல் வழுக்கியது. வட்டு மடங்கிக் கோடு விழுந்துவிட்டது. அதை ஓரமாக வைத்துவிட்டு, கடைசி ஃபிளாப்பியை என் பக்கம் தள்ளினார்.

"என் கை நிக்க மாட்டேங்குது. நீ செய்."

"நான்தானே கெடுத்தேன், வேணாங்கா."

"டைம் இல்லம்மா. செய்."

அப்பளத்தைவிட மெல்லிசு அது. தண்ணீரில் மெதுவாக அலசினேன். சந்தனம் கரைந்து தண்ணீர் மஞ்சளானது. விளிம்பைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கினேன். ஓர் எழுத்து இல்லை, ஒரு கோடு இல்லை. வெறும் பழுப்பு. அக்காவின் ஒரு வருஷம் இதற்குள் இருக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"இதுக்குள்ளயாக்கா எல்லாம் இருக்கு?"

"இருந்துச்சு" என்றார்.

சாமி படத்தைக்கூட நான் அவ்வளவு பக்குவமாகப் பிடித்ததில்லை. மின்விசிறிக்குக் கீழே துணிக்கிளிப்பில் மாட்டி உலர்த்தினோம். ஒரு புது ஃபிளாப்பியின் உறையைக் காலிசெய்து அதற்குள் நுழைத்தோம். பெட்டி முனகியது, நின்றது, மறுபடி முனகியது. திரையில் வரிசையாக எட்டுப் படிவங்களின் பெயர்கள் எழுந்து வந்தன. அதற்குள் வந்து சேர்ந்திருந்த கூட்டாளி சந்தோஷத்தில் "ஐயோ!" என்று கத்தினார். அக்கா முதலில் இரண்டு நகல் எடுத்தார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

பிற்பகல் சாங்கியில், எட்டுப் படிவங்களும் நிரம்பியதைப் பார்த்து அங்கிருந்த எழுத்தர் திரையை விட்டு நகராமல் நின்றார், நான் நின்ற மாதிரியே. வாங்கிக்கொண்டார்கள். அக்கா அரசாங்க வேலையை விடும் ராஜினாமாக் கடிதத்தை நான்தான் டைப்படித்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு ஃபிளாப்பிகளையெல்லாம் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இந்தத் தடவை அக்காவே சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை.

"கைய நீட்டு."

என் இரண்டு உள்ளங்கைகளிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். "பூஜையில வச்சத நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாதுன்னு நீதானே சொன்ன? இன்னைக்கு இது ரெண்டும் வேலை செய்யக்கூடாது. வீட்டுக்குப் போ."

பூன் லே போகும் பஸ்ஸில், கம்பியைக்கூடப் பிடிக்காமல், இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டே வீடுவரை போனேன்.