டாக்டரம்மாவுக்கு நல்ல வைக்கோல்

போன வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, நான்கு பேராசிரியர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் வைக்கோல் மேல் ஏறி நின்றேன்.

நின்றேன் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம். ஒரு விநாடி நின்றேன். அடுத்த விநாடி... தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அடி ஒன்றும் இல்லை. புடவை முழுக்கத் தூசி, அவ்வளவுதான். விழுந்த வேகத்தில் எனக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் சிரித்ததும் சுற்றியிருந்தவர்களும் தைரியமாகச் சிரித்தார்கள். சிரிக்காமல் நின்றது ஒரே ஒருத்தி. அவள் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பும் பாதியில் நின்றுபோனது.

என் எடைதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்ட வாசகர்களே — அவசரப்படாதீர்கள். விஷயம் வேறு.

தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாமே. அங்கே இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். டாக்டர் பட்டம் வாங்கி ஓரிரு வருஷம்தான் ஆகியிருக்க வேண்டும். தனியாக வரக் கூடாது. வேறொரு துறைக்காரரோடு கைகோத்து, நாளைக்கு ஒரு தொழிற்சாலையில் தயாரிக்கக்கூடிய ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். வெளியாள் ஒருவரும் கூட்டாளியாக இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு குழு உட்கார்ந்து பார்க்கும். தேறினால் இன்னொரு வருஷம். தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்தக் குழுவில் நிபுணர் அல்லாத ஒருவரும் இருக்க வேண்டும் என்று விதி. என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. “பல்கலைக்கழகத்துலேர்ந்து கூப்பிட்டிருக்காங்க” என்று வீட்டுக்காரரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: “ஒண்ணும் தெரியாதவங்க ஒருத்தர் வேணும்னு விதி. அதானே?”

அதேதான். ஆனால் கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை கொடுத்தார்களே, அது அவருக்குக் கிடைக்குமா? வீட்டுக்கு வந்து சாம்பார் வைக்கும்போதும் நான் அதைக் கழற்றவில்லை.

சரி, அந்தப் பெண்ணிடம் வருவோம். பெயர் மதுமிதா. பாபநாசத்துப் பெண், இருபத்தொன்பது வயது, மெக்கானிக்கல் இன்ஜினியரிங். டாக்டர் பட்டம் வாங்கியவளை ‘அவள்’ என்று எழுதலாமா என்று கேட்காதீர்கள். என் மகள் வயசு. அவளுடைய ஜோடி ஆராய்ச்சியாளர் தாவூத், கூத்தாநல்லூர்க்காரர், படித்தது நுண்ணுயிரியல், அதிலும் காளான். வெளியாள் கூட்டாளி கலியமூர்த்தி — குடவாசல் பக்கத்து விவசாயி. வைக்கோல் கொடுப்பவர்.

இவர்கள் என்ன செய்கிறார்கள்?

கும்பகோணத்தில் குத்துவிளக்கு வாங்கி வெளியூருக்கு அனுப்பியிருக்கிறீர்களா? அடிபடாமல் இருக்க நாலு பக்கமும் தெர்மாகோல் வைப்பார்கள். விளக்கு பூஜை அறைக்குப் போகும். தெர்மாகோல் குப்பைக்குப் போகும். அங்கிருந்து அது வேறெங்கும் போகாது. அந்தத் தெர்மாகோலுக்குப் பதிலாகத்தான் இவர்களுடைய வைக்கோல் கட்டி. வைக்கோலை நறுக்கி, வேகவைத்து, காளான் விதையைக் கலந்து, அச்சில் நிரப்பி வைத்துவிடுகிறார்கள். காளான் குடை விரிப்பதற்கு முன்னால் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடுமே, அந்த நூல் வைக்கோலைப் பின்னிப் பிடித்துக்கொள்கிறது. அதை அடுப்பில் காயவைத்தால் கட்டி ரெடி. கையில் எடுத்தால் அத்தனை லேசு. ஆனால் ஓர் ஆள் ஏறி நின்றாலும் தாங்கும். வேலை முடிந்ததும் தென்னை மரத்தடியில் போட்டால் உரம்.

கேட்டதும் எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல இருந்தது. குழு உறுப்பினர்கள் அப்படியெல்லாம் செய்வதில்லை என்று அடக்கிக்கொண்டேன்.

ஆனால் இரண்டு துறைக்கு நடுவில் நிற்பவர்கள் பாடு இருக்கிறதே... மெக்கானிக்கல் கட்டடத்தில், “காளான் வளர்க்கறதுக்கா இங்க இடம்?” என்றார்களாம். உயிரியல் கட்டடத்தில், “இந்த இரும்பு அச்செல்லாம் இங்க எதுக்கு?” என்றார்களாம். கடைசியில் கிடைத்தது இரண்டு கட்டடத்துக்கும் நடுவே இருந்த பழைய சைக்கிள் ஸ்டாண்ட். கல்யாணத்தில் பெண் வீட்டார் இவர் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைக்க, மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்று நினைக்க, இலை போடாமலே விடப்பட்ட விருந்தாளியைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிலைமை.

டீ இடைவேளையில் தாவூத் என்னிடம் மெதுவாக ஒன்று சொன்னார். “மதுமிதாவுக்குச் சென்னையில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில வேலை வந்திருக்கு மேடம். திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். போக அவங்களுக்கு மனசே இல்ல. ஆனா இன்னைக்கு நீட்டிப்பு கிடைக்கலேன்னா வேற வழியும் இல்ல.”

குழு உறுப்பினர் இதையெல்லாம் கேட்டிருக்கக் கூடாது. அதற்காக டீ கிளாஸைப் பிடித்த கையால் காதையும் மூடிக்கொள்ள முடியுமா?

ஆக, அந்தக் கட்டி மேல் நான் ஏறி நின்றபோது, அதன் மேல் நான் மட்டும் நிற்கவில்லை. அவளுடைய ஒரு வருஷமும் நின்றது.

“யாராவது ஒருத்தர் ஏறி நின்னு பார்க்கலாம்,” என்றாள் மதுமிதா. அவ்வளவு நம்பிக்கை. கட்டி அன்று காலைதான் அடுப்பிலிருந்து வந்திருந்தது. வெளியே வெள்ளை வெளேரென்று பார்க்க அவ்வளவு அழகு. பேராசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குத்தான் எதற்கும் கூச்சம் கிடையாதே. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.

மற்றதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

“போன மாசம் வரைக்கும் வாட்ச்மேன் ஏறி நிப்பார் சார். குதிச்சுக்கூடக் காட்டினார்,” என்றாள். தாவூத் நொறுங்கிய துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தார். வெளித்தோல் மட்டும்தான் வெள்ளை. உள்ளே நூலைக் காணோம். பச்சையும் கறுப்புமாக வேறு ஏதோ பூஞ்சணம்.

பின்வரிசையில் வெள்ளைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்த கலியமூர்த்தி எழுந்து வந்தார். ஒரு துண்டை எடுத்துப் பிட்டார். முகர்ந்து பார்த்தார்.

“டாக்டரம்மா, இது என் வைக்கல் இல்லீங்களே.”

டாக்டர் என்றால் அவர் ஊரில் ஒரே அர்த்தம்தான். மதுமிதா முதல்முறை போனபோது இரண்டு பேர் மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டார்களாம்.

“உங்க ஊர்லேர்ந்து வந்ததுதாண்ணே,” என்றாள். “நீங்க மன்னார்குடிக்கு வளைகாப்புக்குப் போயிருந்தீங்கள்ல... பக்கத்து வயக்காரர் அனுப்பி வெச்சார்.”

“அதானே பார்த்தேன். அவன் மெஷின் வைக்கலை அப்படியே நறுக்கி அனுப்பிட்டான்.”

“மெஷின் வைக்கல்தானேண்ணே நாங்க கேட்டது?”

கலியமூர்த்தி சட்டைப் பொத்தானைத் தடவினார்.

“அண்ணே... ஒரு வருஷமா நீங்க எங்களுக்குக் குடுத்தது?”

“கை அறுப்பு வைக்கலுங்க.” தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். “வாய்க்கா ஓரத்துல மெஷின் எறங்காத ஒரு மா நெலம் இருக்கு. அதை மட்டும் ஆள் வெச்சு அறுத்து, எங்க மாட்டுக்குன்னு தனியா போர் போட்டு வெப்போம். அதுலேர்ந்துதான் குடுத்தேன். நாலு நாள் வெயில்ல போட்டு, தூசி தட்டி, வீட்ல ஒக்காந்து சருகெல்லாம் பொறுக்கிட்டுத்தான் சாக்குல கட்டுவோம். படிச்ச புள்ளைங்க ஆராய்ச்சிக்குன்னு கேக்குது. சேறு அப்புன வைக்கலையா குடுக்கறது?”



விஷயம் புரிகிறதா? டெல்டாவில் இன்று அறுவடை என்றாலே மெஷின்தான். மெஷின் அறுத்துவிட்டுப் போன வைக்கோல் ஈரத்திலும் சேற்றிலும் கிடந்து, அதன் மேல் டிராக்டர் ஓடி, பிறகு ரோலாகச் சுருட்டப்படுகிறது. எங்கே பார்த்தாலும் கிடைப்பது அதுதான். தொழிற்சாலை என்று ஒன்று வந்தால் அதை வைத்துத்தான் ஓட வேண்டும். இவர்கள் ஒரு வருஷமாகச் சோதித்ததோ... மாட்டுக்கு வைத்திருந்த தலைவாழை இலை விருந்து.

அப்படியானால் மாடுகள் ஒரு வருஷமாக என்ன தின்றன? எனக்கு வாய் சும்மா இருக்குமா, கேட்டுவிட்டேன்.

“மெஷின் வைக்கலைத்தாங்க போட்டோம். மாடு கேள்வியா கேக்கப் போவுது?”

நான் மேஜைக்குக் கீழே குனிந்து, விழாத பேனாவைத் தேடினேன். சிரிப்பு அப்படி.

நிமிர்ந்தபோது யாரும் சிரிக்கவில்லை. குழுவில் ஒருவர் ஃபைலை மூடிவிட்டார். “அப்படின்னா இந்த ஒரு வருஷ டேட்டா மொத்தமும் வேஸ்ட். இதை வெச்சு எப்படி நீட்டிக்கறது?”

நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார் மேல்? கலியமூர்த்தி மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை உண்டா? ஆறு மாதம் முன்னால் எங்கள் தெருவுக்கு ஒரு பெண் வந்தாள். உணவுப் பழக்கம் பற்றி ஏதோ ஆய்வு. காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். அன்று காலை நான் சாப்பிட்டது முந்தின நாள் வாங்கிய மைசூர்பாகு இரண்டு. சொன்னது — கேழ்வரகுக் கஞ்சி. தினமும். அவளும் நம்பி எழுதிக்கொண்டு போனாள், பாவம். அந்தப் பெண்ணும் இப்படி ஏதோ ஒரு குழு முன்னால் நின்றிருப்பாள்.

இதை அப்படியே குழுவில் சொல்லிவிட்டேன். மைசூர்பாகு உட்பட. “ஆராய்ச்சின்னு யார் வந்தாலும் நாங்க நல்லதைத்தான் எடுத்து வைப்போம் சார். பொய் சொல்லணும்னு இல்ல. மரியாதைக்கு. அந்த மரியாதைக்கு இவங்க வேலை போகலாமா?”

குழுத் தலைவர் — உலோகவியல் பேராசிரியர், காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர் — “அங்க பாருங்க” என்பது போலக் கையைக் காட்டினார்.

மதுமிதா தரையில் உட்கார்ந்திருந்தாள். ‘வேஸ்ட்’ என்ற சொல் அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. மடியில் நோட்டு. எதிரே குத்துக்காலிட்டுக் கலியமூர்த்தி. நடுவில் உடைந்த கட்டி. தாவூத் மண்டியிட்டுத் துண்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

“நாலு நாள் வெயில்னீங்களேண்ணே, முழு வெயிலா? சருகு எவ்வளவு வரும் ஒரு சாக்குக்கு? தூசி தட்டினா போதுமா, அலசுவீங்களா?”

“அலசக் கூடாதுங்க. அலசுனா நாத்தம் புடிச்சுக்கும்.”

“தாவூத், இந்தத் தடவை சேறு போகணும்னு நாம அலசினோம்.” அவள் முகத்தில் பயம் போய் வேறென்னவோ வந்திருந்தது. “சேறா, ஈரமா, சருகா... மூணுல எது நூலை ஓட விடாம பண்ணுதுன்னு தனித்தனியா பார்க்கணும். இவங்க மாட்டு வைக்கலும் இருக்கு, ரோலும் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்க நமக்கு இதுவரைக்கும் தோணவே இல்ல பாரு.”

“மூணு அச்சு காலியா இருக்கு. இன்னைக்கே போட்டுடலாமா?” என்றார் தாவூத்.

அங்கே ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது, தங்கள் தலையெழுத்து அதன் கையில் இருக்கிறது என்பதெல்லாம் மூவருக்கும் மறந்துபோயிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான். பக்கத்தில் இருந்தவர் மூடிய ஃபைலை மறுபடி திறந்தார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். மூவரும் திடுக்கிட்டு எழுந்து நின்றார்கள்.

“டேட்டா வேஸ்ட் இல்ல,” என்றார். “நல்ல வைக்கோல்ல எவ்வளவு வரும்னு தெரிஞ்சுபோச்சு. மட்டமானதை அந்த அளவுக்குக் கொண்டு போறதுதான் இனிமே வேலை. அதுக்குத்தான் மெக்கானிக்கலும் வேணும், காளானும் வேணும், இவரும் வேணும். ஒரு வருஷம் எடுத்துக்கங்க.” கலியமூர்த்தி பக்கம் திரும்பினார். “ஒரே ஒரு நிபந்தனை. இனிமே இவங்களுக்கு நீங்க நல்ல வைக்கோல் குடுக்கக் கூடாது.”

கலியமூர்த்தி மறுபடி சட்டைப் பொத்தானைத் தடவினார். “சரிங்க,” என்றார். சம்மதம் மாதிரி இல்லை அது.

சனிக்கிழமை மதுமிதா போன் செய்தாள். சென்னைக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டாளாம். கலியமூர்த்தி மினி லாரியில் ரோல் கொண்டுவந்து இறக்கியிருக்கிறாராம். சேறு சேறாகவே இருக்கிறது; கையே வைக்கவில்லை என்று சத்தியம் செய்கிறாராம்.

“ஆனா மேடம், வழியில மழை தூறிச்சுன்னு மேல புதுத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருக்கார். தூரத்துலேர்ந்து பார்த்தா சீர்வரிசை வர்ற மாதிரியே இருந்துச்சு. என்ன சொல்றதுன்னு தெரியல.”

“நீ என்ன பண்ணினே?”

“நோட்ல எழுதிக்கிட்டேன். ‘தார்ப்பாய் — போடப்பட்டது’ன்னு.”

நமக்கெல்லாம் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு உதவ வேண்டும் என்று ஆசைதான். பொன்னாடை போர்த்துகிறோம், கைதட்டுகிறோம், இருப்பதிலேயே நல்லதைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிக் கொடுக்கிறோம்.

மட்டமான வைக்கோலைக் கொடுங்கள். கூடவே, அதோடு மல்லுக்கட்ட ஒரு வருஷமும்.