குறிகட்டுவானுக்கு ஓடிய டர்போ கார்

வாகனம் விற்கும் இடங்களில் வேலை செய்கிறவர்களே, பெற்றோல் கேள்வி வந்ததும் பேச்சை மாற்றுவது நான் மட்டுமல்ல என்று நம்புகிறேன். டர்போ பெற்றோலை மிச்சப்படுத்தும் என்பதும் நானாகக் கண்டதல்ல. எங்கள் முதலாளி சொல்லக் கேட்டது.

விற்ற நாள்

அன்ரன் அண்ணை மீன்பிடிப் படகை விற்றுவிட்டு, வாடகைக்கு ஓட ஒரு கார் தேடி ஊர்காவற்றுறையில் எங்களிடம் வந்தார். முதலாளி சின்ன எஞ்சின் டர்போ காரைக் காட்டினார். “சுப்பர்சார்ஜரும் டர்போவும் எஞ்சினுக்குள்ள காத்தைத் தள்ளுறதுகள்தான். சுப்பர்சார்ஜர் எஞ்சினின்ர பலத்தை எடுத்துச் சுத்தும். இது வெளியில போற புகையில சுத்தும். அப்ப பெற்றோல் மிச்சம்தானே?”

அண்ணை என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான் என்பது அவருக்குத் தெரியும். “அப்பிடித்தான் சொல்லுகினம், அண்ணை” என்றேன்.

“நீர் படிச்ச பிள்ளை. நீர் சொன்னால் சரி.”

வாசலில் குறுக்கே

சில வாரங்களில் காரை எங்கள் வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினார். “உழைக்கிறதெல்லாம் பெற்றோலுக்கே போகுது. திரும்பக் கடலுக்குப் போகவும் என்னட்டைப் படகு இல்லை. இதைத் திருப்பி எடுங்கோ.”

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். “அவரோட ஒருக்கா ஓடிப் பாரும், பிள்ளை. பிழை எங்கட பக்கம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதையும்.”

தாம்போதியில்

பின்னிருக்கையில், குறிகட்டுவான் துறையில் படகு பிடித்து நயினாதீவு அம்மனைக் கும்பிடப் போகும் ஒரு கணவனும் மனைவியும். வெளிக்கிடவே பிந்திவிட்டார்கள். வேலணை தாண்டித் தாம்போதி வீதியில் ஏறியதும் எதிர்க்காற்று. இரு பக்கமும் கடல். அண்ணை மிதித்த மிதியில் எஞ்சின் விசிலடித்தது. ஒரு லீற்றருக்கு எவ்வளவு தூரம் என்று காட்டும் எண் விழுந்துகொண்டே போனது.

இருக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஒவ்வொரு நாளும் இப்பிடியோ, அண்ணை?” என்றேன். பின்னால் இருந்த அக்கா முந்திக்கொண்டார்.

“கதை குடுக்காதையும் பிள்ளை, அவர் ஓடட்டும். படகு வெளிக்கிடப் போகுது!”

திரும்பும் வழி

படகைப் பிடித்துவிட்டார்கள். வரும்போது மெதுவாக மிதிக்கச் சொன்னேன். விசில் நின்றது, எண் ஏறியது. “காத்தும் இப்ப பின்னாலதான். முழுக்க உங்கட கால் எண்டு சொல்ல ஏலாது. அழுத்தி மிதிச்சால் பெற்றோல் கூடப் போகும் எண்டு காரை விக்கேக்க நாங்கள் சொல்லியிருக்கவேணும், பிழை எங்கட பக்கமும்தான்” என்றேன். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். வேலணை வந்ததும் அண்ணை சொன்னார்:

“அப்ப பெற்றோல் குடிக்கிறது கார் இல்லை, படகு. ஒவ்வொரு நாளும் சனம் பிந்தித்தான் வெளிக்கிடுது. இனிப் படகு அரை மணித்தியாலம் முந்தி எண்டு அதுகளுக்குச் சொல்லுவன்.”

கார் எங்களிடம் திரும்பி வரவில்லை. டர்போ மெதுவாக மிதிப்பவருக்கே மிச்சப்படுத்தும், அழுத்தி மிதித்தால் கூடுதலாகப் போகும் காற்றுக்கு ஏற்பப் பெற்றோலும் போகும் என்று பிறகு கையேட்டில் பார்த்து உறுதி செய்தேன், படகு நேரத்தைப் பற்றித்தான் அதில் ஒரு வரியும் இல்லை.