பொது வேட்பாளர் தேடின கராஜ்

நனைஞ்ச கார்ப்பெட் மணமும் இன்ஸ்டன்ட் கோப்பி மணமும் சேர்ந்து வந்தால் எனக்கு இப்பவும் அந்தக் கராஜ்தான் ஞாபகம் வரும்...

ஊரை விட்டு வந்து நாங்கள் குடியேறின வென்ட்வேர்த்வில்லில, ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு அங்கிளின்ர கராஜ். காரை ரோட்டில விட்டிட்டு உள்ளுக்குப் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருந்தனாங்கள். வந்த ஆக்கள் எல்லாம் ஊரில தாங்கள் தாங்கள் படிச்ச பள்ளிக்கூடங்களின்ர பழைய மாணவர் சங்கங்களுக்காக வந்தவை. நான் எங்கட சங்கத்துக்குச் செக்ரட்டரி. எனக்கு அப்ப முப்பது வயசு. வேலையில சேர்ந்து ரெண்டு வருஷம்தான், ஆனா நாட்டையே நான்தான் தூக்கி நிப்பாட்டுறன் எண்ட நினைப்பு.

விஷயம் இதுதான். கவுன்சில் எலெக்‌ஷன் வருது. ஆரை நிப்பாட்டுறது எண்டு கட்சி மெம்பர்மார் தங்களுக்குள்ள வோட்டுப் போட்டுத் தெரிவு செய்யோணும். எங்கட சனம் கனபேர் மெம்பர். எல்லாரும் ஒரே ஆளுக்குப் போட்டால் எங்கட ஆள் வரும். அதுக்குத்தான் கூட்டம்... ஒரு பொது வேட்பாளர் தெரிய.

வந்த வேட்பாளர்களைப் பாத்திருக்கோணும் நீங்கள். ஐயோ.

ஒருத்தர் ரியல் எஸ்டேட். பஸ் ஸ்டொப்பில ஆக்கள் இருக்கிற வாங்கில தன்ர படம் இருக்கிறதுதான் அவற்ற தகுதி. மற்றவர் ரிட்டயர் ஆன எஞ்சினியர், எந்தக் கேள்வி கேட்டாலும் பள்ளிக்கூடக் கிரிக்கெட் மெட்சில வந்து நிப்பார். இன்னொருத்தர் இன்னும் சிட்டிசன்ஷிப்பே எடுக்கேல்ல! அதை ஒருத்தரும் கேக்கவும் இல்லை. கடைசி ஆள் ஒரு அக்கவுண்டன்ட். பேப்பரைப் பாக்காமல் ரெண்டு வசனம் சேர்ந்து வராது, பாவம்.

நல்ல ஆள் இல்லாமலோ? இருந்தவ.

செல்வி அக்கா. முதியோர் இல்லத்தில நேர்ஸ். எங்கட பக்கத்துப் பஸ்ஸை நிப்பாட்டப் போறாங்கள் எண்டு கேள்விப்பட்டு, வேலை முடிஞ்ச கையோட வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கினவ. வெள்ளை, லெபனீஸ், சீனர் எண்டு எல்லாற்ற கதவையும் தட்டினவ. இந்த நாட்டில நிரந்தரமா இருக்கிறதுக்கான என்ர பி.ஆர். ஃபோர்மையே அவதான் இருந்து நிரப்பித் தந்தவ. கட்சிக் கூட்டத்தில அவ எழும்பினால் கிழட்டு வெள்ளைக்காரரும் கோப்பியை வைச்சிட்டுக் கேப்பினம்.

கராஜில அவவின்ர பெயரை நான்தான் சொன்னனான்.

"அது சரிவராது தம்பி" எண்டார் கராஜ்கார அங்கிள். "புருஷனை விட்டிட்டு இருக்கிறவ. சனம் என்ன கதைக்கும்?"

எல்லாரும் குனிஞ்சு கோப்பியைக் குடிச்சவை. நானும்தான்.

பிறகு பள்ளிக்கூடச் சண்டை. ரியல் எஸ்டேட்காரர் வந்தால் இந்தச் சங்கத்துக்குக் கோவம், எஞ்சினியர் வந்தால் அந்தச் சங்கத்துக்குக் கோவம். கடைசியில அக்கவுண்டன்டைத் தெரிஞ்சம். ஏன் தெரியுமோ? அவர் கொழும்பில படிச்சவர். இங்க அவற்ற பள்ளிக்கூடத்துக்குச் சங்கமே இல்லை. அவர் வெண்டால் ஒருத்தரும் தோத்த மாதிரி இருக்காது. ஒருத்தருக்கும் பிடிக்காத ஆளில எல்லாருக்கும் சம்மதம்... சீ, வெக்கங்கெட்ட வேலை.

அதுக்கிடையில செல்வி அக்கா தானாவே நிக்கப் போறா எண்டு கதை வந்தது. அவவை நிக்க வேண்டாம் எண்டு சொல்ல ஒரு ஆள் வேணும். "அவ உன்னோட வாரப்பாடுதானே, நீ சொன்னால் கேப்பா, போ" எண்டு என்னை அனுப்பினவை.

சனிக்கிழமை பின்னேரம் போனன். குசினி வாசல்ல நிண்டு ஸ்பீச் பழகிக்கொண்டிருந்தா. "வந்தது நல்லதாப் போச்சு, இரு, கேட்டுச் சொல்லு" எண்டு முழுக்க வாசிச்சுக் காட்டினா. நல்லா இருந்தது. எனக்குக் கண் கலங்கிற அளவுக்கு நல்லா இருந்தது.

வாசிச்சு முடிய விட்டுத்தான் சொன்னன்.

"அக்கா, இந்த முறை விடுங்கோ. வோட்டுப் பிரிஞ்சு போயிடும். அடுத்த முறை கட்டாயம் நீங்கள்தான்."

ஸ்பீச் பேப்பரை மடிச்சு மேசையில வைச்சா. "அவை சொல்லுறது கிடக்கட்டும். நீயும் அப்பிடித்தான் நினைக்கிறியோ?" எண்டு கேட்டா.

"ஓம் அக்கா."

பச்சைப் பொய். அதைப் பொய் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான்.

"சரி. சாப்பிட்டிட்டுப் போ" எண்டா.

கட்சிக் கூட்டத்தில எங்கட பொது வேட்பாளர் பேப்பரில ரெண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிப்போட்டார், அதுவும் அவருக்குத் தெரியேல்ல. ஒரு கிழவி பஸ்ஸைப் பற்றிக் கேட்டா. "ஐ வில் செக்" எண்டார். தோத்தம். வெண்டவனும் ஒண்டுக்கும் உதவாதவன்தான். பஸ் நிண்டது நிண்டதுதான். அந்த அடுத்த முறையும் வரவே இல்லை. அக்கா அதோட கட்சியை விட்டிட்டா.

இப்ப என்ர மகள் யூனியில பொலிட்டிக்ஸ் படிக்கிறா. போன மாசம் அமெரிக்காவில ஒரு கட்சிக்காரர் ஜனாதிபதிக்கு நிக்கிறதுக்குத் தங்களுக்குள்ள டிபேட் நடத்தினதை ஃபோனில பாத்துக்கொண்டிருந்தா. மேடை நிறைய ஆக்கள், தேறினது ஒண்டும் இல்லை. "இவ்வளவு பெரிய நாட்டில இவையள்தானோ அப்பா கிடைச்சது?" எண்டு சிரிச்சா. நான் சிரிக்கேல்ல. அப்ப கராஜில பிளாஸ்டிக் கதிரை, இப்ப லைட் போட்ட மேடை... வித்தியாசம் அவ்வளவுதான் போல எனக்கு.

போன ஞாயிறு மேய்ஸ் ஹில் கோயில் கார் பார்க்கில செல்வி அக்காவைக் கண்டம். தலை முழுக்க நரைச்சிட்டுது. மகளுக்குக் காட்டி, "இந்த அன்ரி ஒருக்கா கவுன்சிலுக்கு நிக்க இருந்தவ" எண்டன், ஏதோ நான் செய்த உபகாரம் மாதிரி.

அக்கா சிரிச்சுக்கொண்டே சொன்னா: "நிக்கேல்லை பிள்ளை. அப்பாதான் வந்து வேண்டாம் எண்டு சொன்னவர்."

மகள் என்னைத் திரும்பிப் பாத்தா. "வொய் அப்பா? அன்ரி நல்ல கண்டிடேட் இல்லையோ?"

"இருந்த ஆக்களுக்குள்ள அவதான் திறம்" எண்டன்.

திரும்பி வரேக்க மகள் என்ர பக்கத்தில இருக்காமல் காரின்ர பின் சீட்டில போய் இருந்தா.