மீட்டருக்கு எட்டாத துடிப்பு

இலுப்பூரில் மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டுகளைப் பழுது பார்ப்பவன் நான். ஒரு விவசாயியின் மோட்டார் அடிக்கடி தானாக நின்றது. போர்டில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். எண் அசையவே இல்லை.

"போர்டு நல்லாத்தான் இருக்குங்க. யாரோ ஸ்டாப் பட்டனை அமுத்துறாங்க," என்றேன்.

அந்தத் தோட்டத்தில் மோட்டார் போட்டு நிறுத்தும் வேலை பார்த்த செல்லம்மா அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். "முருகன் சத்தியமா நான் தொடலங்க தம்பி."

"மீட்டர் பொய் சொல்லாதுக்கா," என்றேன். அன்றே அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

மறுவாரமும் மோட்டார் நின்றது. இம்முறை நண்பரிடம் லாஜிக் புரோப் வாங்கிப் போனேன். கண்ணிமைப்பதற்குள் வந்துபோகும் மின் துடிப்பையும் அது பிடித்து, விளக்கை எரியவிட்டுக் காட்டும். யாரும் தொடாமலே விளக்கு எரிந்தது, மோட்டார் நின்றது. மீட்டருக்கு எட்டாத வேகத்தில் போர்டிலிருந்தே நிறுத்தும் சிக்னல் வந்திருக்கிறது.

விவசாயியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்த் தலைகுனிந்து நின்றேன். "தப்பு என்னுதுக்கா. வேலைக்கு வரச் சொல்றாங்க."

"வாரேன் தம்பி. நெத்தி நெறைய துன்னூறு பூசியிருக்கீங்க. சாமி மேல சத்தியம் பண்ணுனப்ப நம்பல, லைட்டு எரிஞ்சதும் நம்பிட்டீங்களே."

அதன்பிறகு முருகன் சன்னதியில் நிற்கும்போது எனக்கென்று எதையும் கேட்க வாய் வரவில்லை.