தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

ஏழைப் பிள்ளைகளுக்குச் சாதாரண மக்கள் எப்படி உதவலாம் என்று பேசுவதற்காகப் போன மாதம் கோயில் மண்டபத்தில் பெண்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். வயதில் மூத்தவள் என்று என்னையும் இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள். முழங்கால் வலி என்று சொல்லியனுப்பிவிட்டேன். முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. நான் மேடையேறினால் அந்தப் பழைய கதையை எடுப்பார்கள், என்னைத் தைரியசாலி என்பார்கள், நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இத்தனை வருஷம் கேட்டது போதும். நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேசிக்கொண்டிருந்த காலம். காஜா பெராங்கில் தகரக் கூரை போட்ட பலகை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் அரசாங்க ஆபீசில் கிராணி, எழுத்து வேலை. எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள், இரண்டும் உயிரோடு இருந்தன, மூன்றாவது வயிற்றில். இதில் என்ன பெருமை என்று இப்போதுள்ளவர்கள் கேட்பார்கள். அப்போது அது பெரிய விஷயம். அதற்காகத்தான் பக்கத்து வீட்டுக்காரி என்னைத் தேடி வந்தாள்.

அவள் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு டவுனுக்கு வந்தவள். புருஷனுக்கு ரோடு போடும் வேலை, சனிக்கிழமை சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். அவளுக்குப் பிறந்த முதல் இரண்டு பிள்ளைகளும் ஒரு வயது காணாமலே போய்விட்டன. மூன்றாவதாக ஒரு பெண் பிறந்ததும், பதினோராம் நாள் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தவிட்டுக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னாள். பிள்ளை தங்காத வீட்டில் அப்படிச் செய்வது நம்மவர்கள் வழக்கம். பிள்ளைகள் நிலைத்த ஒருத்தி கொஞ்சம் தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். அப்புறம் அது அவளுடைய பிள்ளை. பெற்றவள் வெறும் வளர்ப்புக்காரி. வந்து பார்க்கிற எமன் ஏமாந்து போவான்.

பின்வீட்டுச் சீன அம்மா கோழிக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு முறம் வாங்கிக் கொடுத்தேன். பிள்ளையை என் மடியில் போட்டாள். “என் பிள்ளைக்குப் பால் கொடு” என்று நான் திருப்பிக் கொடுத்தேன். அத்தோடு சடங்கு முடிந்தது என்று நினைத்தேன். அவளுக்கு முடியவில்லை. பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் என்னை அம்மா என்றும் தன்னை அத்தை என்றும் கூப்பிடப் பழக்கினாள். சனிக்கிழமை வரும் புருஷனைக்கூட மாமா என்றுதான் அந்தப் பெண் கூப்பிட்டது. “ஏய், உன் மகளுக்கு மூக்கு ஒழுகுது, வந்து துடை” என்று நான் சீண்டினால் ஓடி வந்து என் வாயைப் பொத்துவாள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். பெண் பாதி நேரம் என் வீட்டில்தான் கிடந்தது. என் கடைசிப் பையனைவிட ஐந்து மாதம் மூத்தது. இரண்டும் ஒரே தட்டில் சாப்பிடும், ஒரே பாயில் தூங்கும்.

அந்தப் பெண்ணுக்கு நாலு வயதில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல்தானே என்று இருந்தேன். இரண்டு நாள் பெண் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சோறு வடித்துவிட்டு எட்டிப் பார்த்தேன். கழுத்து வீங்கி, முகம் வெளுத்து, பாயில் கிடந்தது. மூச்சை இழுக்கும்போது மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். கையில் மந்திரித்த கயிறு, நெற்றி முழுக்கத் திருநீறு. தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தேன். தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. புக்கிட் பாரு பக்கம் இரண்டு பிள்ளைகள் தொண்டை அடைத்துச் செத்துப்போனதாக அந்த வாரம்தான் கேள்விப்பட்டிருந்தோம்.

“ஆஸ்பத்திரிக்குத் தூக்கு” என்றேன்.

“வேணாங்கா. ரெண்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் திரும்பல.”

“இங்க இருந்தா மட்டும் பிழைக்குமா? மூச்சு எப்படி இழுக்குது பாரு!”

அவள் பாயைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோபம் வந்தால் என் வாய்க்குப் பூட்டு கிடையாது.

“இது யார் பிள்ளை? சொல்லு.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நாலு வருஷமா யார் பிள்ளைன்னு சொல்லிக்கிட்டு இருக்கே?”

“ஒங்க பிள்ளைக்கா.”

“அப்ப நான் தூக்கிட்டுப் போறேன். நீ வந்தா வா, வராட்டி இரு.”

தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து ஒரு பெச்சாவை, சைக்கிள் ரிக்‌ஷாவை, நிறுத்தினேன். அவளும் ஓடி வந்து ஏறிக்கொண்டாள். பெச்சாக்காரர் வேகமாகத்தான் மிதித்தார், எனக்குத்தான் அது நகரவே இல்லை. பெண்ணின் மூச்சுக் காற்று என் கழுத்தில் பட்டது. எனக்கு என் மூன்று பிள்ளைகளின் நினைப்பு வந்தது. அதன் முகத்தை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பி வைத்தேன். அது திரும்பவும் என் கழுத்துக்கே வந்தது. நான் மறுபடியும் திருப்பினேன். யாரும் பார்க்கவில்லை. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்த உடனே எல்லாரும் ஓட ஆரம்பித்தார்கள். நர்ஸ் மிஸ்ஸி எங்களிடம் மலாயில் சொன்னார். கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்க வேண்டும், இப்போதே வைக்க வேண்டும், தாய் கையெழுத்துப் போட வேண்டும். “எமாக் சியாப்பா?” தாய் யார் என்று கேட்டார்.

நான் பக்கத்து வீட்டுக்காரியை முன்னால் தள்ளினேன். அவள் இரண்டு அடி பின்னால் போனாள்.

“பூக்கான் சாயா” என்றாள். நான் இல்லை.

“ஏய், ஒரே ஒரு தடவை சொல்லு. பொண்ணு சாகுது!”

“சொல்ல மாட்டேன்கா. என் வாயால சொன்னா எமனுக்குக் கேட்டுரும். மொத ரெண்டையும் என் பிள்ளை என் பிள்ளைன்னு சொல்லிச் சொல்லித்தான் போக விட்டேன். ஒரு தடவைகூடச் சொல்ல மாட்டேன்.”

அப்படியே நின்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பெண்ணோ என் சேலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு மிஸ்ஸி காகிதத்தை என் பக்கம் நீட்டினார்.

“சாயா” என்றேன். நான்தான் தாய். கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கையெழுத்தைத்தான் ஊர் தைரியம் என்கிறது. உள்ளே இருந்தது பயம், அது எனக்கல்லவா தெரியும். பெண் செத்தால் என் கையால் செத்தது என்றாகும். அது ஒரு பயம். காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டம் இருந்த நாட்கள், எல்லாவற்றுக்கும் விசாரணை. அரசாங்கக் காகிதத்தில் பொய் எழுதிவிட்டேனே என்பது இன்னொரு பயம். ஆனாலும் கை எழுதியது. எப்படி எழுதியது என்று பின்னால் எனக்கு விளங்கியது.

குழாய் வைத்துவிட்டார்கள். பெண் பிழைத்திருந்தது. ஆனால் பத்து நாளாவது போனால்தான் நிச்சயம் சொல்ல முடியும் என்றார்கள். தொற்று நோய் வார்டு தனியாக இருந்தது. உள்ளே தாய்க்கு மட்டும் அனுமதி. அதனால் நான் உள்ளே, பெற்றவள் வேலிக்கு வெளியே மரத்தடியில்.

சாயங்காலம் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்தது. “அரசாங்கக் காகிதத்துல பொய்க் கையெழுத்தா? என் வேலைக்கே உலை வச்சிட்டியே!” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் போகாதே என்று சொல்லவில்லை. அது அவருடைய நல்ல குணம்.

மூன்று வீடு தள்ளி ஒரு செட்டி அக்கா இருந்தார், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்துவிட்ட தமிழர் வம்சம். மாரியம்மனைக் கும்பிடுகிறவர், பேச்சு மட்டும் மலாய். நான் கேட்காமலே என் மூன்று பிள்ளைகளையும் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் வாசலிலேயே நிறுத்தி, “மண்டி டூலு” என்பார். முதலில் குளி. கிணற்றடியில் குளித்து, சேலையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்ட பிறகும், பிள்ளைகளைத் தூரத்திலிருந்துதான் பார்க்க விடுவார். நாலாம் நாள் கடைசிப் பையன் அழுதுகொண்டே ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டான். நான் இன்னும் குளிக்கவில்லை. தூக்கிவிட்டேன். ஒரு நிமிஷம்தான்.

அதைவிடப் பெரிய தப்பும் செய்தேன். இரண்டாம் நாளே மிஸ்ஸி என்னிடம், வீட்டில் மற்ற பிள்ளைகள் இருந்தால் ஊசி போடக் கூட்டி வா என்று சொல்லியிருந்தார். எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்று கேட்டார். மூன்று என்றேன். வயது சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். ஐந்து மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் பெற்றவள் உலகத்தில் உண்டா? பிறந்த சூராவை, அந்தப் பிறப்புப் பத்திரத்தை, கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். நாளைக்குக் கூட்டி வருகிறேன் என்றேன். மறுநாளும் நாளைக்கு என்றேன். மிஸ்ஸியிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் என்னைக் கடித்தா தின்றிருப்பார்? அப்போது அது தோன்றவில்லை. பயம் வந்தால் புத்தி எங்கே வேலை செய்கிறது?

நான் வார்டை விட்டு வரும்போதெல்லாம் வேலிக்கு வெளியே அவள் நிற்பாள். “ஒங்க பிள்ளை சாப்பிட்டுச்சாக்கா?” என்று கேட்பாள். நான் சொல்வேன். வேறு எதுவும் பேசமாட்டாள்.

எட்டாம் நாள் காலையில் செட்டி அக்கா என் கடைசிப் பையனை என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். உடம்பு கொதித்தது. அவர் போன பிறகு வாசல் வெளிச்சத்தில் அவன் வாயைத் திறந்தேன். தொண்டையின் ஒரு ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. அரிசிமணி அளவுதான் இருக்கும்.

வாயை மூடிவிட்டேன். நான் எதையும் பார்க்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உப்புத் தண்ணீர் கொடுத்தேன், திருநீறு பூசினேன், வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அவனை மடியில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணின் கழுத்தில் இருந்த ஓட்டை என் கண் முன்னாலேயே நின்றது. என் பிள்ளையின் கழுத்தில் கத்தி வைக்க யாரையும் விடமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரியை எதற்குத் திட்டினேனோ அதையே அச்சுப் பிசகாமல் செய்துகொண்டிருந்தேன். என் கை அன்றைக்கு எப்படிக் கையெழுத்துப் போட்டது என்று அப்போதுதான் விளங்கியது. அது என் பிள்ளை இல்லை, அதனால்தான் போட்டது.

மத்தியானம் ஆயிற்று. நான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லையே என்று அவள் தேடி வந்து கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. பின்பக்கமாக அடுப்படி வழியே வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

“குடுங்கக்கா.”

“வேணாம்டி. கழுத்தை அறுத்துருவாங்க.”

“குடுங்க.”

“ஒரு நாள் பாக்கலாம். நாளைக்குச் சரியாயிடும்.”

அவள் என்னோடு வாதாடவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எட்டு நாள் மரத்தடியில் நின்று காய்ந்தவளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். நான் முந்தானை தரையில் புரள, பின்னாலேயே ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் அதே மிஸ்ஸி. தாய் யார் என்று கேட்டார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“அனாக் சாயா” என்றாள் அவள். என் பிள்ளை. அந்தக் கூடத்துக்கே கேட்கும்படி சொன்னாள். மெதுவாகப் பேசுகிறவள் அவள். அப்படி ஒரு குரல் அவளுக்கு இருந்ததே எனக்குத் தெரியாது.

மிஸ்ஸி அவளைப் பார்த்தார். வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் காகிதத்தில் எழுதினார். அவளுக்கு எழுதத் தெரியாது. பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தி வைத்தாள்.

நேரத்தோடு வந்ததால் பையனுக்குக் கழுத்தில் துளை தேவைப்படவில்லை, மருந்து ஊசியிலேயே அடங்கிவிட்டது. மூத்தவர்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கே ஊசி போட்டார்கள், வயதை யாரும் கேட்கவில்லை. பெண்ணும் பிழைத்தது. இன்றைக்கு அது பேரன் பேத்தி எடுத்துவிட்டது. பெற்றவளை இன்றும் அத்தை என்றுதான் கூப்பிடுகிறது.

ஆனால் அந்த மத்தியானம் எனக்கு இதெல்லாம் தெரியாது. வார்டின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் மகனை அவள் மகளுக்குப் பக்கத்துக் கட்டிலில் போட்டிருந்தார்கள். எட்டு நாளாக உள்ளே கால் வைக்காதவள் என் பையனுக்குத் தாயாக உள்ளே போய், இரண்டு கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை அவன் மேல், ஒரு கை அவள் மேல். என்னைக் கண்டதும் எழுந்து ஜன்னலுக்கு வந்தாள்.

“நீங்க வீட்டுக்குப் போங்கக்கா. ரெண்டையும் நான் பாத்துக்கிறேன்.”

பெற்ற தாய் நான். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.